குஞ்சாக இருந்த சிக்கன்

ஆங்கில நாளிதழ்களின் குறுக்கெழுத்துப் புதிரே கதி என்று கிடப்பவர்களுக்குச் சில சொற்கள் அத்துப்படி. 'வல்லூற்றுக் குஞ்சு, 4 எழுத்து' என்றால் ஐயஸ். 'விலாங்குக் குஞ்சு, 5 எழுத்து' என்றால் எல்வர். 'ஒரு வயது நிரம்பாத காட்டு முயல், 7 எழுத்து' என்றால் லெவரெட். இந்தச் சொற்களை நாம் யாரிடமும் ஒருமுறைகூடப் பேசியிருக்க மாட்டோம், இங்கிலாந்திலேயே பெரும்பாலானவர்கள் பேசியிருக்க மாட்டார்கள், ஆனாலும் கட்டத்தைப் பார்த்ததும் பேனா தானாக எழுதிவிடும். நானும் பல வருடம் அப்படித்தான் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் லெவரெட்டின் பூர்வீகம் என்ன என்று அகராதியைப் புரட்டப்போய், அதன் பங்காளியான ராபிட்டிடம் மாட்டிக்கொண்டேன். ராபிட் என்ற சொல் முதலில் முயலையே குறிக்கவில்லையாம். குட்டியை மட்டும்தான் குறித்ததாம்.

அப்படியானால் பெரிய முயலுக்கு என்ன பெயர்? கோனி. இன்றைக்கு அதைக் கோனி என்று சொல்கிறார்கள், பழைய காலத்தில் ஹனி, மனி மாதிரி 'கனி' என்றே உச்சரித்தார்கள். அங்கேதான் வம்பு வந்தது. அந்த ஒலி பெண்ணுறுப்பைச் சொல்லும் ஒரு கொச்சைச் சொல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றது. பைபிளிலும் அந்த விலங்கின் பெயர் வருகிறது, சபையில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள். உச்சரிப்பை மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் மெதுவாக அந்தச் சொல்லையே கைவிட்டு, குட்டிக்கு இருந்த ராபிட்டை எடுத்துப் பெரியதற்கும் வைத்துவிட்டார்கள். நியூயார்க்கின் கோனி தீவில் மட்டும் பழைய முயல் இன்னும் ஒளிந்திருக்கிறது என்பார்கள். பெயர் போனதால் குட்டி அனாதையானது; பிறகு அதற்குப் பூனைக்குட்டியின் சொல்லைச் சுருக்கி 'கிட்' (kit) என்று கடன் வாங்க வேண்டியிருந்தது.

இது ஒரு தனி விபத்து என்று நினைத்தேன். இல்லை. தோண்டத் தோண்ட இதே கதை வந்துகொண்டே இருக்கிறது.

சிக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலத்தில் அது கோழிக்குஞ்சு. பெரியது பெட்டையானால் ஹென், சேவலானால் காக். முட்டை பொரிவதற்கு முன்னால் சிக்கனை எண்ணாதே என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. முட்டையிலிருந்து வருவது குஞ்சுதானே, பழைய பொருளை வைத்துப் படித்தால்தான் அது நேராக நிற்கும். பிறகு குஞ்சின் பெயர் கோழிக்கே போனது, குஞ்சுக்கு அதையே பாதியாக நறுக்கி 'சிக்' என்று கொடுத்தார்கள். ஆக, நாம் வரிசையில் நின்று வாங்கும் சிக்கன் பிரியாணி, சொல்லின் பிறப்பைப் பார்த்தால் குஞ்சு பிரியாணி. சிரிக்க வேண்டாம், ஒருவகையில் அது உண்மையும்கூட. பண்ணையில் வளரும் பிராய்லர் கோழி ஏறக்குறைய 40 நாளில் கடைக்கு வந்துவிடுகிறது, அதன் வாழ்நாளில் அது முட்டையிடும் வயதைப் பார்ப்பதே இல்லை.

பிக் என்பதும் பன்றிக்குட்டிதான். பெரிய பன்றி ஸ்வைன். பிக் வளர்ந்து மொத்தப் பன்றி இனத்தையும் பிடித்துக்கொண்டது, ஸ்வைன் வசைச்சொல்லாகவும் கால்நடை மருத்துவர்களின் சொல்லாகவும் ஒதுங்கியது. பெயர் பறிபோன குட்டிக்கு 'பிக்லெட்' என்ற செல்லச் சொல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்து சேர்ந்தது. அவ்வளவு காலம் சும்மாவா இருந்தார்கள் என்றால் இல்லை, ஷோட், ஃபேரோ என்று வேறு சொற்கள் பண்ணையில் ஓடிக்கொண்டிருந்தன. பிஜன், அதாவது புறா? லத்தீனில் கீச்கீச்சென்று கத்தும் குஞ்சைச் சொல்லும் 'பிப்பியோ' பிரெஞ்சு வழியாக வந்து பிஜன் ஆனது. அதுவும் குஞ்சாகத்தான் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது, பிறகு பெரியதாகிவிட்டது, குஞ்சுக்கு 'ஸ்க்வாப்' என்று ஒரு புதுச்சொல் வந்தது.

எல்லாவற்றையும்விட என்னை அசத்தியது பேர்ட். பழைய ஆங்கிலத்தில் பறவைக்குப் பொதுச்சொல் ஃபவுல். ஜெர்மன்காரர்கள் இன்றும் ஃபோகல் என்கிறார்கள், அதே சொல்தான். 1380களில் சாசர் பறவைகள் எல்லாம் கூடிப் பேசுவதாக ஒரு கவிதை எழுதியபோது அதற்குப் 'ஃபவுல்'களின் சபை என்றுதான் பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் 'பிரிட்' என்றால் கூட்டில் இருக்கும் குஞ்சு. அந்த பிரிட்டில் ரகரம் இடம் மாறி பேர்ட் ஆனது. நம்மிடம் தசை சதையானதே, இலக்கணப் போலி என்று பள்ளியில் படித்தோமே, அந்த வேலைதான். பிறகு கூட்டை விட்டு வெளியே வந்த பேர்ட், கழுகு முதல் நெருப்புக்கோழி வரை எல்லாவற்றையும் தன் பெயரில் எழுதிக்கொண்டது. ஒருகாலத்தில் வானம் முழுவதும் ஆண்ட ஃபவுல் இன்று கோழிப்பண்ணையில் அடைபட்டுக் கிடக்கிறது.

ஏன் இப்படி? என் கணக்கு இதுதான். மனிதன் விலங்கைப் பற்றி அதிகம் பேசுவது அது குட்டியாக இருக்கும்போது. சந்தையில் விற்பது குட்டி, விருந்தில் வெட்டுவது இளசு, எத்தனை பிழைத்தது எத்தனை செத்தது என்று எண்ணுவதும் குட்டியைத்தான். நாக்கில் அதிகம் புழங்குகிற சொல் எதுவோ அது பெரியதற்கும் ஒட்டிக்கொள்கிறது. இதோடு செல்லம் கொடுக்கும் பழக்கமும் சேரும். வீட்டில் வளர்ந்த மாட்டை அது நாலு ஈத்து ஈன்ற பிறகும் கன்றுக்குட்டிக் காலத்தில் வைத்த பெயரைச் சொல்லித்தானே கூப்பிடுகிறோம்.

மனிதக் குட்டிகளுக்கும் இதே விதிதான், ஆனால் அங்கே வேறு சில கோணல்களும் உண்டு. கேர்ள் என்ற சொல் 1300 வாக்கில் எழுத்தில் தென்படும்போது அது ஆண், பெண் இருவருக்கும் பொதுவான 'பிள்ளை'. ஆண்பிள்ளையைத் தனித்துச் சொல்ல 'நேவ் கேர்ள்' என்றார்கள். இன்றைய காதுக்கு அது 'ஆண் பெண்' என்பது போல விழும். அந்த நேவ் இருக்கிறதே, அது இன்னும் பரிதாபம். பழைய ஆங்கிலத்தில் அது வெறும் பையன். ஜெர்மனில் 'க்னாபெ' இன்றும் பையன்தான். ஆங்கிலத்தில் பையன் வேலைக்காரப் பையனானான், வேலைக்காரப் பையன் போக்கிரியானான். நம் 'பயல்' நடந்த பாதையும் கிட்டத்தட்ட இதுதான், சின்னப் பயலிலிருந்து திருட்டுப் பயல் வரை. கடைசியில் நேவ் சீட்டுக்கட்டில் போய்ப் படமாக உட்கார்ந்தான், அங்கேயும் ஜாக் வந்து அவனைத் துரத்திவிட்டான். டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' கதையில் நேவ் என்று சொல்லாமல் ஜாக் என்று சொன்னதற்காக எஸ்டெல்லா அந்தச் சிறுவன் பிப்பைக் கேலி செய்வாள். 1860 வாக்கில் ஜாக் என்பது தாழ்ந்த வீட்டுப் பேச்சு, நேவ் என்பது பெரிய வீட்டுப் பேச்சு.

இன்னொரு கிட் (kid) இருக்கிறது, முயல்குட்டியின் கிட் இல்லை; அது முதலில் வெள்ளாட்டுக் குட்டி. வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொச்சைப் பேச்சில் அது பிள்ளைகளைக் குறிக்கத் தொடங்குகிறது, நம்மிடம் குட்டி என்ற சொல் தொழுவத்திலிருந்து தொட்டிலுக்குப் போனது மாதிரி. அடுத்த நூற்றாண்டில் அதோடு 'நாப்' சேர்ந்தது, நாப் என்றால் லபக்கென்று பிடிப்பது. அப்போது அமெரிக்கக் குடியேற்றங்களின் தோட்ட வேலைக்கு ஆள் போதவில்லை. இங்கிலாந்துத் துறைமுக ஊர்களில் சிறுவர்களையும் ஏமாந்த பெரியவர்களையும் பிடித்துக் கப்பலேற்றி விற்கும் தொழில் நடந்தது. கிட்நாப் பிறந்தது அங்கே.

பிள்ளையைக் குறிக்கும் சொற்களில் இன்னொரு பெரிய கூட்டம் செடியிலிருந்து வந்தது. இம்ப் என்றால் இன்று குட்டிச்சாத்தான், வாலில்லாத குரங்கு மாதிரி துடுக்குப் பிள்ளை. ஆனால் முதலில் அது ஒட்டுப்போட எடுக்கும் இளந்தளிர். வம்சத்தின் தளிர் என்ற பொருளில் பெரிய இடத்துப் பிள்ளைகளை மரியாதையாகவே இம்ப் என்றார்கள். வாரிக் நகரத்தின் செயின்ட் மேரி தேவாலயத்தில், முதலாம் எலிசபெத்தின் அன்புக்குரிய லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லியின் மகன் புதைக்கப்பட்டிருக்கிறான். 1584இல் சின்னக் குழந்தையாகவே செத்துப்போனவன். கல்லறையில் அவனை 'நோபிள் இம்ப்' என்று பொறித்திருக்கிறார்கள். இன்றைக்குப் பார்ப்பவர்கள் பெற்றவர்களே பிள்ளையைச் சாத்தான் குட்டி என்று எழுதிவைத்திருக்கிறார்களே என்று திகைப்பார்கள். சொல் கெட்டதற்குக் காரணம் மதப் பிரசங்கம்: 'நரகத்தின் தளிர்', 'பிசாசின் தளிர்' என்று திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் பிசாசு விடுபட்டுப்போய்த் தளிரே பிசாசாகிவிட்டது.

இந்த இம்ப் வல்லூறு வளர்ப்பிலும் வருகிறது. பறவையின் இறகு ஒடிந்தால், முன்பு உதிர்த்த இறகை எடுத்து, ஒடிந்த தண்டுக்குள் மெல்லிய ஊசியைச் செருகி ஒட்டுப்போடுவார்கள். அந்த வேலைக்குப் பெயர் இம்பிங். வல்லூறை வைத்து வேட்டையாடுவது ஐரோப்பியப் பிரபுக்களின் பெரும்பித்து, அதற்கென்று ஒரு தனிப் பேச்சே வைத்திருந்தார்கள், புதிர்க்காரர்களின் ஐயஸும் அங்கிருந்துதான் வந்தது. கூட்டிலிருந்தே எடுத்து வளர்க்கும் குஞ்சு ஐயஸ். கூட்டைவிட்டுக் கிளைக்கு வந்துவிட்டால் பிராஞ்சர். நன்கு வளர்ந்து காட்டில் வேட்டையாடிப் பழகிய பிறகு பிடிபட்டால் ஹேகர்ட். கண் குழிந்து முகம் வாடியவரை இன்று ஹேகர்ட் என்கிறார்களே, அதே சொல்தான். ஐயஸுக்கு மூலம் பிரெஞ்சு 'நியே', கூட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் பிள்ளை. ஆங்கிலத்தில் அது 'எ நையஸ்' என்று வந்தது. கேட்டவர்கள் 'ந' என்ற ஒலியை முன்சொல்லோடு ஒட்டி 'அன் ஐயஸ்' என்று பிரித்துவிட்டார்கள். ஏப்ரனும் ஆடர் பாம்பும் இப்படித்தான் முதலெழுத்தைத் தொலைத்தவை, இரண்டும் ஒருகாலத்தில் 'ந' ஒலியில் தொடங்கியவை. தலைகீழாகவும் நடந்திருக்கிறது: நியூட் என்கிற பல்லி மாதிரியான நீர்வாழ் பிராணி ஒருகாலத்தில் 'அன் யூட்'. அதன் பழைய வடிவமான எஃப்ட், தரையில் திரியும் இளம் நியூட்டைக் குறிக்கும் சொல்லாகப் பிழைத்திருக்கிறது. குறுக்கெழுத்துக்காரர்களுக்கு மூன்றெழுத்துப் புதையல்.

பிரெஞ்சில் அந்த 'நியே'வுக்கு இன்று என்ன பொருள் தெரியுமா? அசடு. கூட்டைவிட்டு வெளியே வராத குஞ்சு, உலகம் தெரியாதது, ஆகவே அசடு. ஆங்கிலத்தில் 'காலோ' என்ற சொல்லும் இதே வழியில் போயிருக்கிறது. முதலில் வழுக்கை, பிறகு இறகு முளைக்காத குஞ்சு, பிறகு அனுபவமில்லாத இளைஞன். மொட்டைத்தலையிலிருந்து விடலைப் பையன் வரை ஒரே சொல்லின் பயணம்.

ஷேக்ஸ்பியர் இந்த ஐயஸை ஒரு தொழில் வயிற்றெரிச்சலுக்குப் பயன்படுத்தினார். 1600 வாக்கில் லண்டனில் சிறுவர்களே நடிக்கும் நாடகக் குழுக்கள் திடீரென்று பிரபலமாகி, பிளாக்ஃபிரையர்ஸ் அரங்கில் கூட்டம் சேர்த்தன. பெரியவர்கள் நடிக்கும் குழுக்களுக்கு வசூல் போனது. 'ஹாம்லெட்'டில் ஊர் ஊராகச் சுற்றும் நடிகர்கள் டென்மார்க் அரண்மனைக்கு ஏன் வந்தார்கள் என்ற கேள்விக்கு, நகரத்தில் 'குட்டி ஐயஸ்'களின் கூட்டம் ஒன்று கீச்சுக்குரலில் கத்திக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருக்கிறது என்று பதில் வருகிறது. டென்மார்க் கதைக்கு இது தேவையே இல்லை. எழுதியவரின் சொந்தப் புலம்பல், அவ்வளவுதான்.

இப்போது சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். 1066இல் நார்மன்கள் வந்து இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, தொழுவத்தில் இருக்கும் மாட்டுக்கு ஆங்கிலப் பெயர், தட்டில் வரும் மாட்டிறைச்சிக்குப் பிரெஞ்சுப் பெயர் என்று ஆன கதை பலருக்கும் தெரியும். குட்டிகளிலும் அந்தப் பிளவு ஓரளவு தெரிகிறது. உழவன் வீட்டுக் கன்று, ஆட்டுக்குட்டி, குதிரைக்குட்டி, கோழிக்குஞ்சு எல்லாவற்றுக்கும் பழைய ஆங்கிலச் சொல்: காஃப், லாம், ஃபோல், கோல்ட், சிக்கன். பிரபு வேட்டையாடும் விலங்கின் குட்டியும் பிரபு விருந்தில் வைக்கும் பறவையின் குஞ்சும் பிரெஞ்சு: லெவரெட், மான்குட்டியான ஃபான், அன்னக்குஞ்சான சிக்னெட், ஐயஸ். பூனைக்குட்டியும் நாய்க்குட்டியும் இந்தக் கணக்கில் அடங்காமல் பிரெஞ்சுப் பெயரோடு திரிகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பப்பி முதலில் சீமாட்டிகளின் மடியில் கிடக்கும் பொம்மை நாய். பொம்மைக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நாய்க்குட்டிக்கான அசல் ஆங்கிலச் சொல் வெல்ப். ஆக அதுவும் பெரிய வீட்டுச் சொல்தான் என்று வாதாட இடமிருக்கிறது.

பின்னொட்டிலும் இதே சாதிப் பிரிவு. ஆங்கில வீட்டின் குட்டி ஒட்டு 'லிங்': வாத்துக்குஞ்சு டக்லிங், பெருவாத்துக்குஞ்சு காஸ்லிங், கூட்டில் இருக்கும் குஞ்சு நெஸ்ட்லிங். பிரெஞ்சு வீட்டின் ஒட்டு 'எட்': சிக்னெட், லெவரெட். நம் சினிமாப் பாட்டுகளில் புரளும் டார்லிங்கும் அந்த லிங் குடும்பம்தான், அன்புக் குட்டி என்பதுபோல. ஒல்லியான விடலைப் பையனை ஸ்ட்ரிப்லிங் என்றார்கள், துணிக் கீற்று மாதிரி இருப்பதால்.

சிக்னெட் பிரபு வீட்டுச் சொல்லாக இருப்பதற்குச் சட்டமே சாட்சி. அன்னம் என்று நாம் சொல்லும் ஸ்வான் இங்கிலாந்தில் பெரும்பாலும் அரசர் சொத்து. தேம்ஸ் நதியில் ஒவ்வொரு ஜூலையும் அரசரின் ஆட்களும், வின்ட்னர்ஸ், டையர்ஸ் என்ற இரண்டு பழைய வணிகர் சங்கங்களின் ஆட்களும் படகில் போய்க் குஞ்சுகளைப் பிடித்து எண்ணி விடுகிறார்கள். முன்பெல்லாம் யாருடையது என்று தெரிய அலகில் வெட்டுக்குறி போடுவார்கள், வின்ட்னர்ஸ் சங்கத்துக்கு இரண்டு வெட்டு. இரண்டு 'நிக்' உள்ள ஸ்வான் என்பது காதில் மாறி விழுந்து, 'இரண்டு கழுத்து ஸ்வான்' என்ற பெயரில் விடுதிப் பலகைகள் தொங்குகின்றன என்று ஒரு கதை உண்டு.

வேட்டைக்காரர்களின் கிறுக்கு மான் விஷயத்தில் உச்சத்துக்குப் போனது. ஃபாலோ வகை ஆண்மான் முதல் ஆண்டில் ஃபான், இரண்டாம் ஆண்டில் பிரிக்கெட், மூன்றில் சோரல், நான்கில் சோர், ஐந்தில் முதல் தலைக் கொம்பன், ஆறில்தான் பக். தப்பான பெயரைச் சொன்னால் நீ பண்பட்டவன் இல்லை என்று முகத்துக்கு நேரே தெரிந்துவிடும். ஷேக்ஸ்பியர் இதையும் விட்டுவைக்கவில்லை. 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் பண்டிதர் ஒருவர் லத்தீனில் 'ஹாட் கிரேடோ', அதாவது நான் நம்பவில்லை என்கிறார், காவலன் டல் அதை ஏதோ மானின் பெயர் என்று நினைத்து, இல்லை ஐயா, அது ஹாட் கிரேடோ இல்லை, பிரிக்கெட் என்று அடித்துச் சொல்கிறான். படித்தவனின் சொல்லும் காட்டைத் தெரிந்தவனின் சொல்லும் மோதும் இடம், எனக்கு அந்தக் காவலன் பக்கம்தான் சாய்வு.

1486இல் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் அச்சான ஒரு வேட்டைப் புத்தகத்தில் கூட்டப் பெயர்களின் நீண்ட பட்டியல் இருக்கிறது. பூனைக்குட்டிகளின் கூட்டம் 'கிண்டில்'. கிண்டில் என்றதும் நமக்கு மின்நூல் கருவிதான் ஞாபகம் வரும், அது தீ மூட்டுவதைச் சொல்லும் கிண்டில். இந்தக் கிண்டில் ஈனுவதைச் சொல்லும் வினை, முயலுக்கும் பூனைக்கும் உரியது. ஏனென்றால் அந்த ஆங்கிலத்தில் பிரசவத்துக்கும் ஆளுக்கொரு வினை. பசு காவ் செய்யும், குதிரை ஃபோல் செய்யும், பன்றி ஃபேரோ, நாய் வெல்ப், செம்மறியாடு யீன். யீன் என்றதும் 'ஈன்' என்று துள்ளிக் குதித்து, பார், தமிழிலிருந்து போன சொல் என்று கிளம்பிவிட வேண்டாம். ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் லத்தீன் 'ஆக்னஸ்' அதற்கு உறவு, நம் ஈன் வேறு; ஒலி மட்டும் தற்செயலாக ஒட்டிப்போனது.

தமிழ் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. எந்தக் குட்டிக்கு எந்தச் சொல் என்று நம்மிடம் தொல்காப்பியரே ஒரு கணக்கு எழுதிவைத்திருக்கிறார். மரபியலில் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயர்கள் ஒன்பது. நாய், பன்றி, புலி, முயல் நான்குக்கும் குருளை, யானைக்குக் குழவியும் வரும். செயின்ட் ஆல்பன்ஸ் புத்தகத்துக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது, நோக்கமும் வேறு. அங்கே பிரபு வீட்டுப் பிள்ளை வேட்டையில் மானம் போகாமல் பேச வேண்டும், இங்கே புலவன் வழக்கு பிசகாமல் பாட வேண்டும். குருளையும் பறழும் இன்று செய்யுளில் மட்டும்தான் மூச்சு விடுகின்றன, ஐயஸ் புதிர்க்கட்டத்தில் மூச்சு விடுவதுபோல.

பிரபுக்கள் இவ்வளவு அலட்டினார்கள் என்றால் மேய்ப்பர்கள் அதற்குக் குறைந்தவர்கள் இல்லை, ஆனால் அவர்களுக்கு அது அலட்டல் இல்லை, பிழைப்பு. பால்குடி மறந்து முதல் ரோமம் வெட்டும்வரை ஆடு ஹாக், ஹாகெட் அல்லது டெக். ஒருமுறை வெட்டிவிட்டால் ஷியர்லிங். இன்னும் ஈனாத இளம் பெட்டை வடக்கே கிம்மர், தெற்கே தீவ். சந்தையில் விலை பேசும்போது வயதும் பாலும் ரோமமும் ஒரே சொல்லில் வந்துவிட வேண்டும், அதனால்தான் இத்தனை. இதில் எனக்குப் பிடித்தது தாயில்லாக் குட்டி. தாய் செத்துப்போனதையோ தாய் ஒதுக்கியதையோ வீட்டுக்குள் கொண்டுவந்து அடுப்புப் பக்கத்தில் போட்டுப் பாலூட்டி வளர்ப்பார்கள். அந்தக் குட்டிக்கு ஒரு பகுதியில் கேட், இன்னொரு பகுதியில் காசெட். பாட்டு கேட்கும் கேசட் இல்லை. அப்படி வளர்ந்த குட்டி மந்தையோடு சேராது, ஆளின் காலையே சுற்றிச்சுற்றி வரும். பிறகு பெயர்ச்சொல் வினையானது, காசெட் செய்வது என்றால் பொத்திப்பொத்தி வளர்ப்பது. இன்று அளவுக்கு மீறிச் செல்லம் கொடுக்கும் பெற்றோரைப் பற்றி எழுதுபவர்கள் அந்த வினையைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். உள்ளே ஒரு ஆட்டுக்குட்டி படுத்திருப்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்.

ஒரே ஈற்றில் கடைசியாகப் பிறக்கும் சோனிப் பன்றிக்குட்டிக்கு டான்டனி என்று பெயர். செயின்ட் ஆண்டனி என்ற பெயரை வேகமாகச் சொன்னால் வருவது. மத்தியகால லண்டனில் அந்தப் புனிதர் பெயரில் ஒரு மருத்துவ இல்லம் இருந்தது. சந்தையில் விற்க லாயக்கில்லாத நோஞ்சான் பன்றிகளை அதிகாரிகள் பறிமுதல் செய்து காதைக் கீறிவிடுவார்கள், இல்லத்தார் அவற்றின் கழுத்தில் மணி கட்டித் தெருவில் விட்டுவிடுவார்கள். குப்பையில் மேயும், மக்கள் போடுவதைத் தின்னும், யார் சோறு போட்டாலும் அவர்கள் பின்னால் முனகிக்கொண்டே ஓடும். வாலைப் பிடித்துக்கொண்டு திரிபவனை 'டான்டனி பன்றி மாதிரி பின்னாலேயே வருகிறான்' என்று சொல்லும் வழக்கம் அங்கிருந்து வந்தது.

மீன் பக்கம் போனால் ஒரு சொல் விஞ்ஞானத்தையே ஏமாற்றியிருக்கிறது. சால்மன் மீன் வளர வளர அலெவின், ஃப்ரை, பார், ஸ்மோல்ட், கிரில்ஸ் என்று பெயர் மாறும். விலாவில் விரல் பதித்தது போன்ற கறைகளோடு ஆற்றில் திரியும் 'பார்' தனி இன மீன் என்றே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பலர் நம்பினார்கள். ஸ்காட்லாந்தில் டிரம்லான்ரிக் பண்ணையில் வேலை பார்த்த ஜான் ஷா என்பவர் 1830களில் அவற்றைக் குட்டைகளில் வளர்த்துப் பார்த்து, இது சால்மன் பிள்ளைதான் என்று காட்டினார். பெயர் தனியாக இருந்ததால் ஆளும் தனி என்று நினைத்துவிட்டார்கள். எல்வர் விஷயம் இதைவிட மர்மம். 'ஈல் ஃபேர்', அதாவது விலாங்கின் பயணம், சுருங்கித்தான் எல்வர் ஆனது. வசந்தகாலப் பெருவெள்ள ஓதத்தில் செவர்ன் ஆற்றில் கண்ணாடி நூல் மாதிரி குஞ்சுகள் கூட்டமாக ஏறிவரும். க்ளாஸ்டர்ஷயர்காரர்கள் வலைபோட்டு அள்ளி முட்டையோடு பொரித்துச் சாப்பிட்டார்கள். அவை எங்கே பிறக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. சேற்றிலிருந்து தானாக உண்டாகிறது என்று அரிஸ்டாட்டிலே எழுதினார். அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம், சார்கசோ கடலில் என்று யொகானஸ் ஷ்மிட் என்ற டென்மார்க்காரர் 1920களில்தான் சொன்னார். இன்று ஐரோப்பிய விலாங்கு அழிவின் விளிம்பில் இருக்கிறது.

தவளைக்குஞ்சுக்கு ஆங்கிலத்தில் டாட்போல். தேரை என்ற சொல்லும் தலை என்ற சொல்லும் சேர்ந்தது. நாமும் தலைப்பிரட்டை என்கிறோம். எந்த ஊர்க்காரனுக்கும் அதில் தலைதான் முதலில் கண்ணில் பட்டிருக்கிறது.

பையனும் இல்லை ஆளும் இல்லை என்ற வயதுக்கு ஆங்கிலத்தில் ஒரு அற்புதமான சொல் இருந்தது: ஹாபிள்டிஹாய். சொல்லும்போதே முழங்கை எங்கோ இடிக்கிறது. எங்கிருந்து வந்தது என்பதில் அகராதிக்காரர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை, எழுத்துக்கூட்டலும் ஆளுக்கொரு விதம். தாமஸ் டஸ்ஸர் என்ற விவசாயக் கவிஞர் 1573இல் மனித வயதை ஏழு ஏழு ஆண்டாகப் பிரிக்கிறார்: முதல் ஏழு குழந்தை, அடுத்த ஏழு பள்ளிப் படிப்பு, 14 முதல் 21 வரை 'சர் ஹாபர்ட் டி ஹாய்', இவரை அடக்கி வையுங்கள் என்கிறார். பட்டம் கொடுத்து மரியாதையாகக் கிண்டலடிப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. 20ஆம் நூற்றாண்டில் டீனேஜர் வந்தது. பதிமூன்று முதல் பத்தொன்பது என்று எண்ணிக்கையில் கட்டிய சுத்தமான, சப்பென்ற சொல். வணிகர்களுக்கு அது வசதி. இடித்துக்கொண்டு நடக்கும் அந்தப் பையன் காணாமல் போனான்.

இந்தச் சொற்களில் பாதிக்கு மேல் இன்று ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கே தெரியாது. பேபி ராபிட், பேபி பிஜன், பேபி ஸ்வான் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இணையத்தில் கிட் என்று தேடிப் பாருங்கள், திரை முழுக்க மனிதப் பிள்ளைகள்தான் வரும். அசல் உரிமையாளரான வெள்ளாட்டுக் குட்டியைப் பார்க்க 'பேபி கோட்' என்றுதான் தட்ட வேண்டும். அந்தப் பேபியையும் காதலர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.